சொல்லத் தெரியாத வயிற்றுவலி



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் பேச வந்தால் பரீட்சையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வயிற்றைப் பற்றி. அதிலும், தம் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி. நான் வைத்தியனல்லன், கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் படித்து வந்தவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்களாயின், ஒரு பிள்ளைக்கு நான் இழைத்த பிழையே என்னை இதைக் கற்கச் செய்தது என்பதுதான் என் மறுமொழி.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முந்தல் களப்பும் இருக்க, இடையில் மணற்பரப்பில் அமைந்தது எங்கள் உடப்பு. கரைவலை இழுக்கும் ஊர். அம்பாப் பாட்டு ஒலிக்க, ஆண்கள் இரு வரிசையாக நின்று வலையைக் கரைசேர்ப்பதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வாறு வலையிழுக்கும் ஒருவரின் மகன் என் பொறுப்பிலிருந்த பாடசாலையில் மூன்றாம் தரத்தில் இருந்தான். எட்டு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை என்று வைத்தியர்கள் ஏற்கெனவே கூறியிருந்தனர். பேச்சு மிகக் குறைவு. பத்துப் பதினைந்து சொற்களே இருக்கும். ஆனால் வலைகளின் மிதப்புக் கட்டைகளை எண்ணுவதில் அவனை வெல்ல அவ்வகுப்பில் ஒருவரும் இல்லை.

அந்த ஆண்டின் இரண்டாந் தவணையில் அவன் மாறினான். காலை பத்து மணியளவில் மேசையின் விளிம்பிலே வயிற்றை வைத்து அழுத்திக்கொண்டு குப்புறச் சாய்வான். ஆசிரியை தூக்கி நிமிர்த்தினால் அலறுவான். பக்கத்திலிருந்த பிள்ளையை இருமுறை அடித்தான். தன் கையையே ஒருமுறை கடித்துக்கொண்டான். இவற்றோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. காற்சட்டையில் மலம் கசிந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். பெற்றோர் சிலர் என்னிடம் வந்து முறையிட்டார்கள். நான் அவன் தந்தையை அழைத்து, “பிள்ளைக்கு வயிற்றோட்டம் போலிருக்கிறது, பிடிவாதமும் மிஞ்சிவிட்டது, சரியாகும்வரை வீட்டில் வைத்திருங்கள்” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கடலுக்குப் போகும் மனிதர், அரைநாட் கூலியை விட்டு வந்திருந்தார். “சரி சேர்” என்று மட்டும் சொல்லிப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டிலே பாட்டியார் வயிற்றோட்டத்துக்கு மாதுளந்தோல் அவித்துக் கொடுத்தார். கண்ணூறு கழித்தார்கள், நூல் கட்டினார்கள். பிள்ளை இரவில் உறங்காமல் அழுதான். மூன்று வாரம் கழித்துத்தான் சிலாபத்தில் ஒரு வைத்தியரிடம் கொண்டு சென்றனர். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். இடப்பக்கக் கீழ்வயிற்றில் கட்டியாக ஒன்று கைக்குத் தென்பட்டது. பிள்ளைக்கு இருந்தது வயிற்றோட்டமன்று, அதற்கு நேர்மாறான மலச்சிக்கல் என்றார் அவர். பெருங்குடலின் கடைப்பகுதியில் மலம் பல நாட்களாகத் தேங்கிக் கல்லாகியிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் கசிந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் கசிவைக் கண்டோமே தவிர, அடைப்பைக் காணவில்லை. அடைப்பு உள்ள குடலுக்கு, மலத்தைக் கட்டும் மருந்தையும் பாட்டியார் அன்போடு கொடுத்திருக்கிறார். அவர்மீது குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? “பிடிவாதம்” என்ற சொல்லை முதலில் உதிர்த்தவன் நான்.

ஓட்டிசம் என்பது நோய்க்கிருமியால் வருவதன்று, வளர்ப்பின் குறையுமன்று. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதிலும், ஒலி, ஒளி, மணம், சுவை முதலியவற்றை உணர்வதிலும் அவ்வேறுபாடு வெளிப்படும். 1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையை உலகறியச் செய்தது. அந்த முதற் கட்டுரையிலேயே, அப்பிள்ளைகளுட் சிலர் பிறந்த காலந்தொட்டு உணவு கொள்வதில் பெருஞ் சிரமம் காட்டினர் என்று அவர் குறித்திருக்கிறார். உணவுப் பிரச்சினை ஓட்டிசத்தோடு பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்ட ஒன்றன்று என்பது இதனால் விளங்கும்.

நமது நாட்டிலும் இது அரிதானதன்று. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடன் பணியாற்றியோரும் 18 முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளின் அதிபர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மலச்சிக்கலோ எல்லாப் பிள்ளைகளிடமும் காணப்படுவதே. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ஷாமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோர் 10 முதல் 16 வயதுவரையான இலங்கை மாணவர்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 15.4 பேருக்கு மலச்சிக்கல் இருந்தது. போரினாற் பாதிக்கப்பட்ட பிரதேசத்தில் அது 18.1 ஆகவும் ஏனைய இடங்களில் 13.7 ஆகவும் இருந்தது. பிள்ளையின் மனம் பட்ட பாட்டைக் குடலும் பட்டிருக்கிறது! இனி ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை நோக்குவோம். பல நாடுகளில் நடந்த 15 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளிவந்த கணிப்பின்படி, ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிடுகையில் இவர்களுக்கு வயிறு, குடல் சார்ந்த தொல்லைகள் வருவதற்கான வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகம். மலச்சிக்கலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அது மூன்று மடங்குக்கு மேல்.

ஏன் இப்படி? இதை விளங்கிக்கொள்ளச் சமிபாட்டுத் தொகுதியைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

வாயில் தொடங்கி, இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று செல்லும் உணவுக் கால்வாய் வெறும் குழாயன்று. அதன் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. மூளையின் கட்டளைக்குக் காத்திராமலே குடல் தன் வேலையை நடத்துவதற்கு இவ்வலையே காரணம். பின்னால் இறுக்கி, முன்னால் தளர்த்தி உணவைத் தள்ளிச் செல்லும் அந்த அசைவைச் சுற்றிழுப்பசைவு என்று விஞ்ஞான பாடத்திலே பிள்ளைகள் படிக்கிறார்கள். கரைவலையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வலை வராது. அம்பாவின் தாளத்துக்கு இழுப்பதும் விடுவதும் மாறிமாறி நடக்க வேண்டும். குடலுக்கும் அப்படியொரு தாளம் உண்டு. 1899 இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் அத்தாளத்தின் விதியைக் கண்டு கூறினார்கள்.

குடலுக்கும் மூளைக்கும் இடையில் வேகசு நரம்பு ஓடுகிறது. மூளையிலிருந்து குடலுக்குச் செல்லும் செய்தியைவிடக் குடலிலிருந்து மூளைக்கு ஏறும் செய்தியே அதில் அதிகம். மனநிலையோடு தொடர்புடையதாகப் பேசப்படும் செரோட்டோனின் என்னும் பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறளவு உண்டாவது மூளையிலன்று, குடலில். ஆகவே மனம் கலங்கினால் வயிறு கலங்குவதும், வயிறு கலங்கினால் மனம் கலங்குவதும் இயல்பே. 1822 இல் துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் ஒரு துவாரத்தோடு உயிர் தப்பிய அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்பவரின் இரைப்பையை, வில்லியம் போமன்ட் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர் அத்துவாரத்தின் வழியே ஆண்டுக்கணக்காக நோக்கிக்கொண்டிருந்தார். அம்மனிதர் கோபங்கொண்ட போதெல்லாம் சமிபாடு குழம்பியதை அவர் கண்டு எழுதினார். நோயாளி கோபப்பட்டதில் வியப்பொன்றுமில்லை. நம் வயிற்றுக்குள் ஒருவர் நாள்தோறும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குந்தான் கோபம் வரும்.

இப்பொழுது அந்தச் சிறுவனிடம் திரும்புவோம். அவன் உண்டது மூன்றே பொருள்கள்: வெள்ளை அரிசிமாப் புட்டு, பாண், பிஸ்கற். கறி தொட்ட புட்டை அவன் தொடமாட்டான். வாழைப்பழத்தின் குழைவு அவனுக்குக் குமட்டும். கீரையின் நிறத்தைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுவான். இதைச் செல்லம் என்றோ சேட்டை என்றோ சொல்லிவிடலாகாது. நமக்கு இலேசாகப் படும் மணமும் வழவழப்பும் இப்பிள்ளைகள் பலருக்குத் தாங்கவொண்ணாதபடி படுகின்றன. நார்ப்பொருள் இல்லாத உணவு பெருங்குடலில் மெல்ல நகரும். மெல்ல நகர்வதால் நீர் உறிஞ்சப்பட்டு இறுகும்.

இரண்டாவது காரணம் உள்ளுணர்ச்சி. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றை உண்ணும் முறைக்கே கொடுத்திருக்கிறார். முன்னே உண்டது செரித்துவிட்டதை அறிந்து, பசித்த பின் உண்ண வேண்டும் என்பது அவர் கருத்து. அறிந்து உண்ணச் சொல்கிறார். ஆனால் அறியும் அவ்வுணர்ச்சியே மங்கலாக உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பசி, நிறைவு, தாகம், மலம் கழிக்க வேண்டும் என்ற உந்தல் ஆகிய உள்ளிருந்து எழும் செய்திகள் சிலருக்குத் தெளிவாக எட்டுவதில்லை. எட்டினாலும் அதற்குச் சொல் கிடைப்பதில்லை.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது பாடசாலை மலசலகூடம். எங்கள் கூடத்தின் கதவு இரும்பு; சாத்தினால் இடி இடித்தாற் போலிருக்கும். உள்ளே இருள். தண்ணீர் வாளியில் எடுத்துச் செல்ல வேண்டும். கரையோரக் கிணறு, வரண்ட மாதங்களில் உவர் ஏறி வாடை வீசும். கண்டிப்பான கட்டுப்பாட்டோடு பாடசாலை நடத்துவதாகப் பெருமைப்பட்ட நான், அவ்வறைக்குள் ஒருமுறையேனும் பிள்ளையின் உயரத்தில் நின்று பார்த்ததில்லை. அவன் அங்கே போக அஞ்சி அடக்கினான். அடக்கிய மலம் இறுகியது. இறுகியது வெளிவரும்போது வலித்தது. வலித்ததால் மறுநாள் இன்னும் அடக்கினான். இவ்வாறு அடக்க அடக்கக் குடலின் கடைப்பகுதி விரிந்து, நிறைந்ததை உணரும் தன்மையையே இழக்கிறது என்கிறார்கள் வைத்தியர்கள். அந்நிலையில் கசிவது பிள்ளைக்கே தெரியாது. தெரியாமல் நிகழ்ந்ததற்கு அவனைத் தண்டித்தோம்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். குடலிலே தொல்லை இருக்கிறதென்றால், குடலைத் திருத்திவிட்டால் ஓட்டிசமே தீர்ந்துவிடுமா? எத்தனையோ பெற்றோர் இந்த நம்பிக்கைக்காக நகையை அடகு வைத்திருக்கிறார்கள். ஆதலால் இதைச் சற்று விரித்துச் சொல்வேன்.

1998 இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில், அன்ட்ரூ வேக்பீல்ட் என்பவரும் பிறரும் 12 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடல் அழற்சியையும், ஓட்டிசத்தையும், சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியையும் அது ஒன்றாக முடிச்சிட்டது. பின்னர் பல நாடுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகளை ஆராய்ந்தும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அக்கட்டுரையை 2010 இல் அவ்விதழே மீளப் பெற்றுக்கொண்டது. வைத்தியர் பதிவேட்டிலிருந்து வேக்பீல்டின் பெயர் நீக்கப்பட்டது. கட்டுரை போயிற்று, அச்சம் போகவில்லை. இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது; 2023 இல் அந்நோய் இங்கே மீண்டும் பரவியது. தடுப்பூசியைத் தவிர்ப்பதால் ஒரு பிள்ளையும் ஓட்டிசத்திலிருந்து காக்கப்படுவதில்லை.

மற்றொன்று செக்ரெற்றின் என்னும் ஓமோன். முன்னர்க் கூறிய பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1902 இல் கண்டுபிடித்த பொருள் அது. சதையியைச் சுரக்கத் தூண்டுவது. வயிற்றுப் பரிசோதனைக்காக அதைப் பெற்ற சில பிள்ளைகள் திடீரெனப் பேச்சிலும் பழக்கத்திலும் முன்னேறினார்கள் என்று 1998 இல் செய்தி பரவியது. உலகெங்கும் பெற்றோர் அதைத் தேடி ஓடினர். 1999 இல் முறையாக ஆராய்ந்தபோது, செக்ரெற்றின் ஏற்றப்பட்ட பிள்ளைகளும், வெறும் உப்புநீர் ஏற்றப்பட்ட பிள்ளைகளும் ஒரே அளவாக முன்னேறியிருந்தது தெரிந்தது. பிள்ளையின் நலத்துக்காக ஏங்கும் கண்களுக்கு முன்னேற்றம் தெரிந்துவிடுகிறது. அக்கண்களை நான் குறை கூறேன்.

குடலில் வாழும் பற்றீரியாக்களைப் பற்றி இப்பொழுது பெரிதும் பேசப்படுகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடற் பற்றீரியாக்கள் வேறுபட்டிருக்கின்றன, அவையே ஓட்டிசத்துக்குக் காரணம் என்ற கூற்றைப் பலர் கேட்டிருப்பீர்கள். அவுஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வு இதைத் தலைகீழாகத் திருப்பியது. ஓட்டிசத்துக்கும் பற்றீரியாக்களுக்கும் நேரடித் தொடர்பு மிகச் சிறிதளவே காணப்பட்டது. இப்பிள்ளைகள் சில உணவுகளை மாத்திரம் விரும்பி உண்கிறார்கள். உணவின் வகை குறைவதால் பற்றீரியாக்களின் வகையும் குறைகிறது என்பதே அவர்கள் கண்டது. இத்துறையில் ஆராய்ச்சி இன்னும் நடைபெறுகிறது. ஆனால் இன்றைய நிலையில், விலையுயர்ந்த பொடிகளை வாங்கிக் கொடுத்து ஓட்டிசத்தைத் தீர்க்கலாம் என்பதற்கு ஆதாரமில்லை. பாலையும் கோதுமையையும் அறவே நீக்கும் உணவு முறையும் அத்தகையதே. மூன்று பொருள் மாத்திரம் உண்ணும் பிள்ளையிடமிருந்து அவற்றுள் இரண்டைப் பறித்தால் மிஞ்சுவது என்ன? பாய்க்கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கேவி என்ற நோய், விற்றமின் சி குறைவால் வருவது. மிகக் குறுகிய உணவு உண்ணும் ஓட்டிசப் பிள்ளைகளிடம் அது இந்நாளிலும் காணப்பட்டிருக்கிறது. ஒவ்வாமையோ குடல் நோயோ இருப்பதாக வைத்தியர் கண்டு சொன்னால் அது வேறு. அப்போது அவர் சொற்படி நடக்க வேண்டும்.

ஓட்டிசம் தீராது என்பதற்காக வயிற்றுவலியையும் தீராதென்று விட்டுவிட வேண்டியதில்லை. மலச்சிக்கல் தீரக்கூடியது. அப்பிள்ளைக்கு வைத்தியர் தேங்கியதை இளக்கி வெளியேற்ற மருந்து கொடுத்தார். பின்னர் நாள்தோறும் மலத்தை மென்மையாக வைத்திருக்கும் மருந்தை மாதக்கணக்காகத் தொடரச் சொன்னார். இரண்டு வாரத்தில் நலமாகிவிட்டது என்று தாயார் நிறுத்தப் போனபோது அவர் கண்டித்தார். விரிந்த குடல் பழைய நிலைக்குச் சுருங்கக் காலம் வேண்டும். வீட்டிலே ஆமணக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இருந்தது. பிள்ளைகளுக்கு அதை வைத்தியரைக் கேளாமற் செய்யலாகாது.

உணவு உண்டதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். ஆகவே காலை உணவுக்குப் பின் ஐந்து முதல் பத்து நிமிடம் மலசலகூடத்தில் இருத்திப் பழக்குவது நல்லது. கதிரைபோன்ற இருக்கையானால் பாதம் தொங்காமல் ஒரு பலகை வைக்க வேண்டும். வரவில்லையென்றால் ஏசக்கூடாது. உணவிலே மாற்றம் கடுகளவாக இருக்க வேண்டும். அத்தாயார் வெள்ளைப் புட்டில் ஒரு சிட்டிகை குரக்கன்மா சேர்த்துத் தொடங்கினார்; நிறம் மாறுவதை அவன் கண்டுகொள்ளாத அளவு. நான்கு மாதத்தில் அது அரைக்கரைவாசியாயிற்று. ஒருநாள் அதிகமாகப் போட்டுவிட்டார். தட்டு முற்றத்தில் விழுந்தது. மறுநாள் மீண்டும் சிட்டிகையிலிருந்து. பப்பாசிப் பழத்தை முதலில் உண்ணக் கொடுக்கவில்லை. மேசையில் வைத்தார், பின் தொடவிட்டார், பின் மணக்கவிட்டார். பப்பாசி இன்றுவரை அவன் வாய்க்குள் போகவில்லை. தோல்வியையும் சொல்லத்தானே வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பேசாத பிள்ளை வயிற்றை மேசையிலோ சுவரிலோ அழுத்துவது, உடலை வில்லாக வளைப்பது, காரணமின்றி அலறுவது, திடீரெனத் தன்னையோ பிறரையோ அடிப்பது, இரவில் விழித்து அழுவது, பல்லைக் கடிப்பது, தொண்டையைத் தட்டி அடிக்கடி விழுங்குவது ஆகியவை வயிற்றின் பேச்சாக இருக்கலாம். நடத்தை மாற்றம் ஒன்றே வயிற்று நோயின் தனி அடையாளமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியத் துறையினர் 2010 இலேயே எடுத்துரைத்தார்கள். மலத்தில் இரத்தம், நிறை குறைதல், ஓயாத வாந்தி, வயிறு வீங்கி இறுகுதல் இருந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. எங்கள் கரையில் மணலை அள்ளித் தின்னும் பிள்ளைகளும் உண்டு. அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். முதலிற் செல்ல வேண்டிய இடம் தொலைவிலில்லை. குடும்ப நல உத்தியோகத்தரும் சுகாதார வைத்திய அதிகாரியும் அண்மையிலேயே இருக்கிறார்கள். மேலதிக உதவிக்கு, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென 2020 இல் தொடங்கிய ‘அயத்தி’ நிலையம் ராகமையில் உள்ளது. புத்தளத்துப் புகையிரதப் பாதை பிரியும் அதே ராகமை.

பாடசாலையில் நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. இரும்புக் கதவின் விளிம்பில் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி அடித்தோம், சத்தம் போயிற்று. கூரையில் ஒரு தகட்டை எடுத்து ஒளிபுகும் தகடு போட்டோம். அவன் தந்தையே ஏணியில் ஏறி அதைப் பொருத்தினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “தகட்டைச் சரியாப் பிடியுங்க சேர், காத்து அடிக்குது” என்றார்.

வகுப்பாசிரியை ஒரு சிறு அட்டையில் வயிற்றின் படத்தை வரைந்து அவன் கழுத்தில் தொங்கும்படி செய்தார். வலித்தால் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ள ஏழு வாரம் சென்றது. ஒருநாள் முற்பகலில் என் அறைக்கு நேரே வந்து, அவ்வட்டையை என் மேசைமேல் வைத்தான். நான் பதறி எழுந்து, வைத்தியர் சொல்லித் தந்தபடி வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்; மென்மையாக இருந்தது. அவன் என் கையை விலக்கிவிட்டு, சுவர் மணிக்கூட்டைக் காட்டினான். பாடசாலை உணவுக்கு மணி அடிக்கும் நேரம் ஐந்து நிமிடம் கடந்திருந்தது.